எட்டாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டும் பிள்ளைகள்: எங்கே தடுக்கிறது, என்ன செய்யலாம்?

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் நோட்டை வாங்கிப் பாருங்கள். கையெழுத்து அழகாக இருக்கும். பாடம் விடாமல் எழுதப்பட்டிருக்கும். ஆசிரியர் சிவப்பு மையில் கையொப்பமும் போட்டிருப்பார். அதே நோட்டில் ஒரு வரியில் விரலை வைத்து, "இதைப் படிப்பா தம்பி" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைவதுபோல் பார்த்து எழுதப் பழகியிருக்கிறான். எழுதியதைப் படிக்கத் தெரியாது. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் உயர்நிலை வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் இப்படிச் சில பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார்கள்.

நாடு முழுக்க இதே கதைதான். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2023-ல் 14 முதல் 18 வயதுள்ள கிராமப்புறப் பிள்ளைகளிடம் 'ஏசர்' என்ற கல்வி நிலை ஆய்வை நடத்தியது. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களில் எடுக்கப்பட்ட அந்த ஆய்வில், ஏறத்தாழ 25 சதவீதம் பேரால் தங்கள் மாநில மொழியில் இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள ஒரு சிறு கதையைச் சரளமாகப் படிக்க முடியவில்லை. அவர்களில் பெரும்பாலானவர்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ பெயர் பதிந்திருப்பவர்கள்.

நம் பள்ளிகளில் இவர்களுக்கு 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் பெரிய அநியாயம் என்பது என் எண்ணம். ஒரே பட்டியலில் உள்ள 12 பிள்ளைகளுக்கு 12 விதமான தடை இருக்கலாம். ஒருவனுக்குக் கொம்பு போட்ட எழுத்து தெரியாது. இன்னொருத்தி கடகடவென்று படிப்பாள், ஒன்றும் புரிந்திருக்காது. மூன்றாமவனுக்கு கரும்பலகையே மங்கலாகத்தான் தெரியும். எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்து மாலையில் ஒரு மணி நேரச் சிறப்பு வகுப்பில் அதே பாடத்தைக் கொஞ்சம் மெதுவாக மறுபடி நடத்தினால் யாருக்கும் பயன் இருக்காது. தடை எங்கே என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் முதல் வேலை. மற்ற உத்திகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்று நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் இருப்பவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020-21-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளி வாசலையே மிதிக்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போனது. அந்தப் பிள்ளைதான் 2025-26-ல் ஆறாம் வகுப்பில் இருந்தது. இழப்பை ஈடுகட்ட 2022-23-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2020-21-ல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, திட்டம் தொடங்கியபோது ஐந்தாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக்குத் திட்டம் வந்தபோது ஆறாம் வகுப்பு. வாசிப்பு ஊன்றவேண்டிய இரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதியை வீட்டில் கழித்துவிட்டு, மீட்புத் திட்டத்தையும் ஒரு படி தள்ளித் தள்ளியே தவறவிட்ட அணி அது. இடையில் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் கைகொடுத்தது பெரிய விஷயம். ஆனால் அது பள்ளி நேரத்துக்கு ஈடாகாது.

ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பாடப்புத்தகத்தின் எதிர்பார்ப்பே மாறிவிடுகிறது. வாசிப்பு வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டிய அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் சால், படிக்கக் கற்கும் பருவம் முடிந்து, கற்பதற்காகப் படிக்கும் பருவம் தொடங்கும் இடத்தில்தான் பல பிள்ளைகள் சறுக்குகிறார்கள் என்றார். அந்த இடத்தில் வகுப்பில் நிற்பவர் பட்டதாரி ஆசிரியர். அவர் அறிவியலோ வரலாறோ நடத்தப் பயிற்சி பெற்றவர். எழுத்தறிமுகம் செய்வது அவருக்குக் கற்றுத்தரப்படவே இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, தடையை எப்படிக் கண்டுபிடிப்பது? வகுப்பே சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போது தெரியாது. தெரியாத பிள்ளை வாயசைத்துத் தப்பித்துவிடும். தேர்வு மதிப்பெண்ணிலும் தெரியாது. ஒரு மதிப்பெண் வினாக்களை விடையின் வடிவத்தை வைத்தே மனப்பாடம் செய்துகொள்வார்கள். வகுப்பறைக்கு வெளியே, மரத்தடியிலோ நூலக மூலையிலோ, ஒரு பிள்ளையை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஏசர் ஆய்வில் பயன்படுத்தும் தாள் இதற்குப் போதும்: எழுத்துகள், எளிய சொற்கள், சிறு பத்தி, ஒரு கதை. எந்தப் படியில் நிற்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

அதற்கு மேல் ஒரு பாடப்புத்தக வாக்கியத்தையும் கொடுத்துப் பார்க்கலாம். உதாரணத்துக்கு: "தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியுடன் நீரையும் கார்பன் டைஆக்சைடையும் பயன்படுத்தித் தமக்குத் தேவையான உணவைத் தயாரித்துக்கொள்கின்றன."

முதல் பிள்ளை "தா... வ... ர..." என்று போய் 'தேவையான' வரும்போது நின்றுவிடுகிறது. 'த'வும் 'ஏ'யும் தனித்தனியே தெரிகிறது, இரட்டைக் கொம்பு சேர்ந்தால் தெரியவில்லை. இரண்டாவது பிள்ளை 'பயன்படுத்தி' என்பதைப் 'பயணம்' என்கிறது; முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கும் பழக்கம். மூன்றாவது பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் சரியாகவே படிக்கிறது, ஆனால் முக்கால் நிமிடம் எடுத்துக்கொள்கிறது. 'கொள்கின்றன'வுக்கு வரும்போது எது தயாரிக்கிறது என்பது நினைவிலிருந்து போய்விட்டது. நான்காவது பிள்ளை ஒரே மூச்சில் படித்து முடிக்கிறது. "தாவரம் எதையெல்லாம் பயன்படுத்துது?" என்று கேட்டால் "உணவு" என்கிறது.

ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் சொன்னது இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்.

முதல் பிள்ளைக்கு என்ன செய்வது? மறுபடி அ, ஆ-விலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். 13 வயதுப் பிள்ளைக்கு அது அவமானம், தேவையும் இல்லை. தமிழில் 247 எழுத்து என்றாலும் தடுமாறும் இடங்கள் சிலவே. கா, கி, கீ எளிதில் பிடிபடும். குறியீடு எழுத்தோடு ஒட்டி ஒரே மாதிரி வரும். உகர, ஊகார வரிசையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வடிவம்: கு, சு, து, மு ஒன்றுக்கொன்று வேறு. கெ, கே, கை வரிசையில் குறி முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். கொ, கோ என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கும். இந்த மூன்று இடங்களில் எதெது தெரியவில்லை என்று குறித்துவைத்து, அதை மட்டும் தினமும் பத்து நிமிடம் எடுத்தால் போதும். அதுவும் தனி எழுத்தாக அல்ல, சொல்லுக்குள் வைத்து.

எந்தச் சொல்? பிள்ளை பேசும் சொல். "நேத்து என்ன பண்ணே?" என்று கேட்டு, அது சொல்வதை நான்கைந்து வரியில் எழுதிக்காட்டி, அதையே படிக்க வைப்பது அருமையான வழி. "நேற்று மாமா வீட்டுக்குப் போனேன். கோழிக் குஞ்சு பார்த்தேன்." இதில் நே, போ, கோ, கு எல்லாமே வந்துவிட்டன. அடுத்து என்ன சொல் வரும் என்பது பிள்ளைக்குத் தெரியும், ஏனென்றால் அது சொன்னதுதான். பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள இடைவெளியும் இங்கேயே பழகிவிடும்: அது "போயிட்டாங்க" என்று சொன்னதை ஆசிரியர் "போய்விட்டார்கள்" என்று எழுதி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். 1990களின் அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தந்தபோதும், அவர்கள் வாழ்க்கையிலிருந்தே சொற்களும் பேச்சும் தொடங்கின. வயது வந்தவரிடம் குழந்தைப் பாட்டு கொடுக்கவில்லை. பதின்ம வயதுப் பிள்ளைக்கும் அந்த மரியாதை வேண்டும்.

இந்த நிலையில் ர-ற, ல-ள-ழ, ன-ண பிழைகளுக்குச் சிவப்பு மை வேண்டவே வேண்டாம். அது எழுத்துப்பிழை, வாசிப்புத் தடை அல்ல. 'மலை'யையும் 'மழை'யையும் படித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளை எழுதும்போது மாற்றிப் போட்டால் அதற்குப் பிறகு நேரம் இருக்கிறது. பக்கம் முழுக்க வட்டம் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தால், மறுநாள் அந்தப் பிள்ளை சொந்தமாக ஒரு வரிகூட எழுதாது.

ஊகித்துப் படிக்கும் பிள்ளைக்கு நீண்ட சொற்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். தமிழில் ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே போகும். 'தயாரித்துக்கொள்கின்றன' என்பதைப் பார்த்தாலே மிரட்சி. தயாரித்து, கொள்கின்றன என்று பென்சிலால் ஒரு கோடு போட்டால் மிரட்சி பாதி குறையும். ஆசிரியர் போட்டுக் கொடுப்பதைவிட பிள்ளைகளே கோடு போட்டுப் பழகுவது நல்லது. அறிவியல், சமூக அறிவியல் பாடம் தொடங்குமுன் இப்படி ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பிரித்துவிட்டால் வகுப்பு முழுவதற்கும் உதவும்.

மெதுவாகப் படிக்கும் மூன்றாவது பிள்ளைக்குப் புதுப்புதுப் பக்கங்கள் கொடுப்பதைவிட, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பது பலன் தரும். சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-ல் விளக்கிய முறை இது. பின்னால் வந்த பல ஆய்வுகளும் ஆமோதித்தன. நூறு சொல்லுக்குள் ஒரு பத்தி. ஆசிரியர் முதலில் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு படித்துக்காட்டுவார். அப்புறம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்பார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். மூன்று நான்கு முறை படித்தபின் எவ்வளவு நேரம் குறைந்தது என்று பிள்ளையே நோட்டில் குறித்துக்கொள்ளும். எழுத்தோடு மல்லுக்கட்டும் வேலை குறைந்தால்தான் பொருளுக்கு மனதில் இடம் கிடைக்கும். திரும்பப் படிப்பது சலிப்பாக இருக்காதா என்றால், காரணம் இருந்தால் இருக்காது. காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கவோ, நாடகத்தில் ஒரு பாத்திரத்தின் வசனம் பேசவோ ஒத்திகை பார்க்கும் பிள்ளை பத்து முறையும் படிக்கும்.

வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து ஆளுக்கொரு வரி படிக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். 40 பேர் உள்ள வகுப்பில், 40 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். தடுமாறும் பிள்ளையோ தன் முறை எப்போது வரும் என்று நடுங்கிக்கொண்டே மீதி நேரத்தைக் கழிக்கும்.

நான்காவது பிள்ளை, அதாவது படிக்கத் தெரியும் ஆனால் புரியாது என்ற நிலையில் உள்ளது, ஆசிரியர் கண்ணில் படுவதே இல்லை. சரளமாகப் படிப்பதால் பிரச்சினை இல்லை என்று விட்டுவிடுகிறோம். அன்மேரி பாலின்சார், ஆன் பிரவுன் இருவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இப்படிப்பட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியதுதான். நன்றாகப் படிப்பவர்கள் மனதுக்குள் செய்யும் நான்கு வேலைகளை அவர்கள் வாய்விட்டுச் செய்ய வைத்தார்கள்: சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. தொடக்கத்தில் ஆசிரியர் செய்துகாட்டுவார். போகப்போகப் பிள்ளைகளே ஆசிரியர் இடத்தை எடுத்துக்கொள்வார்கள்.

நம் வகுப்பில் இது எப்படி நடக்கும்? தமிழ்நாட்டின் மழை பற்றி ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்கிறது, அதனால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதியாகிறது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் கைகொடுக்கிறது என்று அதில் இருக்கிறது. நான்கு பேர் வட்டமாக உட்கார்கிறார்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஒருத்தி, "எந்த மாசம் மழை வரும்னு போட்டிருக்கும்" என்கிறாள். இரண்டு வரி படித்ததும் ஒருவன், "சார், மழை மறைவுன்னா என்ன? மழை எங்க போய் மறையும்?" என்கிறான். இந்தக் கேள்வி வந்ததே பெரிய வெற்றி. இத்தனை நாள் புரியவில்லை என்பதே அவனுக்குத் தெரியாமல் இருந்தது. ஆசிரியர் உடனே விளக்கம் சொல்லாமல், "முன்னாடி வரியில மலை என்ன செய்யுதுன்னு போட்டிருக்கு, பாருங்க" என்கிறார். தேடுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் இல்லை என்று ஒருத்தி விரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டுகிறாள். அடுத்தவன் கேள்வி போடுகிறான்: "அப்ப கேரளாவுக்கு ஏன் ஜூன்ல மழை?" கடைசி ஆள் இரண்டே வாக்கியத்தில் பத்தியைச் சுருக்க வேண்டும். மொத்தம் 20 நிமிடம். பத்தியிலுள்ள கேள்வி-பதிலைக் கரும்பலகையிலிருந்து எழுதிப்போட ஆகும் நேரமும் அதேதான்.

புரிதலுக்கு விஷய அறிவும் வேண்டும். ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் 1988-ல் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியை ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாகப் படிக்கும் ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இங்கே கிரிக்கெட் செய்தியைக் கொடுத்துப் பாருங்கள், கடைசி பெஞ்சுப் பையன் விளக்கமே சொல்வான். ஆகவே பாடத்தைப் படிக்கச் சொல்லுமுன் ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசுவது, ஒரு படம் காட்டுவது, ஒரு சோதனை செய்துகாட்டுவது எல்லாமே வாசிப்புப் பயிற்சிதான். தமிழாசிரியர் தலையில் மட்டும் இந்தப் பொறுப்பைக் கட்ட முடியாது என்று நான் சொல்வதும் இதனால்தான். ஒளிச்சேர்க்கைப் பத்தியை எப்படிப் படிப்பது என்று அறிவியல் ஆசிரியரால்தான் சொல்லித்தர முடியும்.

கலைச்சொற்களில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் காட்டிவிட்டு, கரைவது கரைபொருள், கரைப்பது கரைப்பான், கிடைப்பது கரைசல் என்றால் மூன்றும் ஒரே வேரில் நிற்கின்றன, மனப்பாடம் தேவையில்லை. மின்கலம், மின்சுற்று, மின்னோட்டம், மின்தடையும் அப்படியே. கலைச்சொல்லைவிட ஆபத்தானவை வேறு சொற்கள்: 'ஆயினும்', 'எனவே', 'விளைவாக', 'ஒப்பிடுக', 'வேறுபடுத்துக'. இவை எந்தப் பாடத்திலும் பாடமாக வருவதில்லை, எல்லா வினாத்தாளிலும் வரும். பேச்சில் இவற்றைக் கேட்டே இராத பிள்ளை, விடை தெரிந்திருந்தும் கேள்வி புரியாமல் விட்டுவிடுகிறது.

எழுத்து வேலையையும் மாற்ற வேண்டும். படித்ததைப் பற்றித் தானே எழுதும்போது புரிதல் கூடுகிறது என்பதை ஸ்டீவ் கிரகாம், மைக்கேல் ஹெபர்ட் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் காட்டினார்கள். பார்த்து எழுதுவதில் அந்தப் பலன் இல்லை. ஒரு பக்கம் நோட்ஸ் எழுதுவதற்குப் பதில், புத்தகத்தை மூடிவைத்து மூன்று வாக்கியம் சொந்தமாக. தப்பும் தவறுமாக இருந்தாலும் அந்த மூன்று வாக்கியம்தான் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஆசிரியருக்குச் சொல்லும்.

தனியாகக் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, பார்வை. கண்ணாடி தேவைப்படும் பிள்ளையைப் படிப்பு வராத பிள்ளை என்று முடிவுகட்டிவிடும் கொடுமை இன்றும் நடக்கிறது; பள்ளிக்கு வரும் கண் பரிசோதனையில் இந்தப் பிள்ளைகள் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு, எழுத்தை இனங்கண்டு படிப்பதில் தடுமாற்றம் தரும் டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை மாற்றுத்திறன் வகைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முறையாகச் சொல்லிக்கொடுத்தும் மாதக்கணக்கில் எழுத்து பிடிபடாத பிள்ளையைச் சிறப்பாசிரியரிடம் காட்ட வேண்டும். சான்று கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் கிடைக்கும்.

நேரத்துக்கு எங்கே போவது என்பதுதான் எல்லா ஆசிரியரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்பில் இதைத் தொடங்கினால் நேரம் இல்லை. 35 மதிப்பெண் எடுக்க வைக்கும் கட்டாயத்தில் குறைந்தபட்சக் கேள்விகளை மனப்பாடம் செய்ய வைப்பதுதான் நடக்கும். ஆறாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2025-26-ல் ஆறு முதல் ஒன்பது வரை 'திறன்' திட்டத்தைக் கொண்டுவந்து, அடிப்படைத் தேர்வு வைத்துத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்குத் தனிப் பயிற்சி என்று வகுத்தது அந்த வகையில் சரியான முடிவு. நான் மனதார வரவேற்கிறேன். தமிழே எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அதே மாதத்தில் ஆங்கில எழுத்தையும் சேர்த்து ஏற்றுவதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் பேசும் மொழியில் வாசிப்பு பிடிபட்டுவிட்டால், அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் உதவும்.

பள்ளி அளவில் செய்யக்கூடியது எளிது. தினமும் ஒரு பாடவேளையை ஆறு முதல் எட்டு வரை எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் வாசிப்புக்கு ஒதுக்கலாம். அந்த நேரத்தில் வகுப்பைப் பார்க்காமல், நிலையைப் பார்த்துப் பிரித்து, ஆசிரியர்கள் ஆளுக்கொரு குழுவை எடுத்துக்கொள்ளலாம். இந்த முறையைப் பிரதம் அமைப்பு பல மாநிலங்களில் நடத்தியிருக்கிறது. கையில் கொடுக்கப் புத்தகமும் இருக்கிறது: தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைச் சிறு நூல்கள், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கான 'தேன்சிட்டு' இதழ். அவை பீரோவுக்குள் பூட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

குழுக்களுக்குப் பட்டம் வேண்டாம். ஏ, பி, சி என்றாலும் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். எடுத்துக்கொண்ட புத்தகத்தின் பெயரையே குழுவுக்கு வைத்துவிடலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதே ஐந்து நிமிடத் தனிச் சோதனையை மறுபடி வைத்து, நகர்ந்த பிள்ளையை அன்றைக்கே அடுத்த குழுவுக்கு மாற்ற வேண்டும். நகராத பிள்ளைக்கு உத்தியை மாற்ற வேண்டும், முதலில் தடை என்று நினைத்தது தவறாகவும் இருந்திருக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் அட்டையோடு இந்த வாசிப்புக் குறிப்பையும் காட்டி, "போன தடவை வார்த்தைதான் படிச்சான், இப்ப பத்தி படிக்கிறான்" என்று சொன்னால், கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் அம்மாவுக்கு 28 மார்க், 31 மார்க் என்பதைவிட அது நன்றாகப் புரியும்.